பஷார் ஹூலியும் ஒரகடத்துப் பிள்ளைகளும்

 

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என நீண்டு செல்லும் தொழிற்சாலைப் பகுதியில் நம் பிள்ளைகள் நாள்தோறும் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருக்கின்றனர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது இப்பகுதி பெரும்பாலும் ஏரியும் வயலுமாகவே இருந்தது. 2010இல் ரெனோ நிஸான், 2012இல் டைம்லர் என ஒரகடம் வளர்ந்தது. இன்று ஐ.டி.ஐ. முடித்தவரும் டிப்ளமா முடித்தவரும் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவரும் இங்கேதான் முதல் சம்பளம் வாங்குகின்றனர். மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களுள் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் உள்ளனர்.

மதரஸாவில் ஓதி முடித்துச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஸ்ரத், பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தொழுகை என்னாவது?"

இதற்கு நம் சமூகத்தில் இரண்டு விடைகள் புழங்குகின்றன. முதல் விடை: "வேலையில் இருக்கும்போது என்ன செய்ய முடியும்? இரவில் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் களாவாகத் தொழுதுகொள்." இரண்டாம் விடை: "தொழ முடியாத இடத்தில் வேலையே வேண்டாம்." முதல் விடை, நேரம் குறிக்கப்பட்ட கடமையை நேரமற்ற ஒன்றாக ஆக்கிவிடுகிறது. இரண்டாம் விடை, ஒரு குடும்பத்தின் ஹலாலான வருமானத்தை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காமலேயே அடைத்துவிடுகிறது. இரண்டிலும் குறை ஒன்றே: பிள்ளை வாய் திறந்து கேட்கவே இல்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே நம் கருத்து. அதை விளக்க மெல்பர்ன் நகரத்து விளையாட்டு வீரர் ஒருவரின் தொடக்க ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறோம். விளையாட்டுக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். அவருக்கு அந்த விளையாட்டே வேலை. அதற்குப் பயிற்சி நேரம் உண்டு, மேலாளர் உண்டு, சம்பளம் உண்டு, வேலை போய்விடும் அச்சமும் உண்டு. ஆகவே அவர் கதை நம் பிள்ளைகளின் கதைக்குத் தொலைவானதன்று.

யார் இந்த ஹூலி?

ஆஸ்திரேலியாவில் 'ஃபுட்டி' என்று அழைக்கப்படும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. 1859இல் மெல்பர்னில் எழுத்தில் விதிகள் வகுக்கப்பட்ட தனி ஆட்டம் அது. முட்டை வடிவத் திடலில், முட்டை வடிவப் பந்தோடு, அணிக்கு 18 பேர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்துக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. மோதலும் வேகமும் மிகுந்த ஆட்டம். இதன் தேசிய லீக் ஏ.எஃப்.எல். எனப்படும்.

பஷார் ஹூலி 1988இல் மெல்பர்னில் பிறந்தவர். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். நகரின் மேற்குப் பகுதியில் வளர்ந்து, வெஸ்டர்ன் ஜெட்ஸ் என்னும் இளையோர் அணியில் ஆடினார். ஏ.எஃப்.எல். லீக்கில் இளைஞர் தாம் விரும்பிய அணியில் சேர முடியாது. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் அணிகளே வரிசை முறையில் ஆள்களை எடுத்துக்கொள்ளும். 2006ஆம் ஆண்டுத் தேர்வில் எசண்டன் அணி ஹூலியை 42ஆவது இடத்தில் எடுத்தது. அவருக்கு முன்பே 41 இளைஞர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டுவிட்டன. 2007இல் முதல் ஆட்டம் ஆடினார்.

அவருக்கு முன்பும் முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தோர் அந்த லீக்கில் ஆடியிருக்கின்றனர். ஐவேளைத் தொழுகை, ரமழான் நோன்பு, மதுவை விலக்குதல் ஆகியவற்றை வெளிப்படையாகக் கடைப்பிடித்து ஆடிய முதல் வீரர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுபவர் ஹூலி. பெரிய அணியொன்றில் வெற்றிக்குப்பின் மதுக்கோப்பை உயர்வது சாதாரணம் என்பதை நினைவில் கொண்டால், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் அங்கே "வேண்டாம்" என்று சொல்லி அமர்ந்திருப்பதன் எடை நமக்குப் புரியும்.

யாருமாக இல்லாத காலம்

ஹூலியின் பெயர் இன்று அறியப்படுவது ரிச்மண்ட் அணியோடு. 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார். 2017இல் கிடைத்தது ரிச்மண்டுக்கு 37 ஆண்டுகளுக்குப் பின் வந்த கோப்பை. 2019இல் நாட்டின் சிறந்த அணியாகத் தெரிவு செய்யப்படும் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது. 2021இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 232 ஆட்டங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பகுதி அதற்கு முந்தியது. எசண்டனில் அவர் 2007 முதல் 2010 வரை நான்கு பருவங்கள் இருந்தார். நான்கு பருவங்களில் ஓர் அணி ஆடும் லீக் ஆட்டங்கள் 88. அவர் ஆடியவை 26 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் அணியில் இடம் கிடைக்காத வாரங்களில் கீழ்நிலைப் போட்டிகளில் ஆட வேண்டியிருந்தது. தம்மை எடுத்தபோது பயிற்சியாளராக இருந்த கெவின் ஷீடி 2007 முடிவில் விலக்கப்பட, மாத்யூ நைட்ஸ் வந்தார். புதிய மேலாளரின் கீழ் தன் இடத்தை மீண்டும் நிறுவ வேண்டிய நிலை எப்படிப்பட்டது என்பது ஆலையில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

இத்தகைய காலத்தில் ஒரு மனிதருக்கு எழும் எண்ணம் என்ன? "முதலில் இடம் பிடிப்போம். நிரந்தரமாகட்டும். பிறகு தொழுகையைப் பற்றிப் பேசலாம்." நம் பிள்ளைகள் நம்மிடம் சொல்வதும் இதையேதான்: "பயிற்சிக் காலம் முடியட்டும், ஹஸ்ரத்." பயிற்சி முடிந்தபின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படட்டும் என்பர். அதன் பின் பதவி உயர்வு வரட்டும் என்பர். தள்ளிப்போட்ட தொழுகை திரும்பி வருவதற்குள் பழக்கம் போய்விடுகிறது. பழக்கம் போனபின் கேட்கவேண்டும் என்ற ஆசையும் போய்விடுகிறது.

ஹூலி அப்படித் தள்ளிப்போடவில்லை. தம் மார்க்கம் இன்னது என்பதை அணிக்குள் நுழைந்த நாள்களிலேயே எல்லோரும் அறியும்படி வாழ்ந்தார். பிற்காலத்தில் அவர் புகழ் பெற்றபோது அவருடைய தொழுகை யாருக்கும் புதுச்செய்தியாக இல்லை. புகழுக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அது சலுகையாகத் தெரிந்திருக்கும். வலுவற்ற நிலையில் தொடங்கியதால் அது அவருடைய இயல்பாகவே ஏற்கப்பட்டது.

2010 முடிவில் அவர் எசண்டனை விட்டு வெளியேறினார். புதிய பருவத்துக்கு முன் நடக்கும் துணைத் தேர்வின் வழியே ரிச்மண்டில் சேர்ந்தார். அங்கே அரைப் பின்வரிசையில் நிலைபெற்றார். அது தடுப்பாட்டக்காரரின் இடம். எதிரணியின் தாக்குதலை முறித்து, அங்கிருந்தே பந்தைத் தன் அணிக்குத் துல்லியமாக உதைத்துத் தருவது அவர் வேலை. புள்ளிப் பட்டியலில் பெயர் வருவது அரிது. தவறினால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். ஆலையில் தரம் பார்க்கும் நம் பிள்ளைகளின் வேலையும் ஏறக்குறைய அத்தகையதே.

ஒருவர் கேட்டதால் பலருக்குக் கிடைத்தது

2012இல் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் உரிய அறை திறக்கப்பட்டது. ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய மைதானம் அது. லீக்கின் பல்பண்பாட்டுத் தூதராக இருந்த ஹூலியின் பங்கு அதில் உண்டு. அந்த அறை வீரர்களுக்கானது அன்று. ஆட்டம் பார்க்க வரும் சாதாரணக் குடும்பங்கள் அஸரையும் மஃரிபையும் தவறவிடாமல் தொழுவதற்கானது. இஸ்லாமியப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி ஒன்றும் அவர் பெயரால் நடத்தப்பட்டது. அவருக்குப் பின் ஆதம் ஸஅத் போன்ற முஸ்லிம் தடுப்பாட்டக்காரர்கள் அந்த லீக்கில் உயர்ந்தனர். பின்வந்தோர், முன்வந்தவர் விளக்கிய அளவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முன்கூட்டியே சொல்லிவைப்பதன் பயனுக்கு இங்கிலாந்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஏப்ரல் 26 அன்று லெஸ்டர் சிட்டிக்கும் கிரிஸ்டல் பாலஸுக்கும் பிரீமியர் லீக் ஆட்டம். ரமழான் மாதம். லெஸ்டரின் தடுப்பாட்டக்காரர் வெஸ்லி ஃபொஃபானாவும் பாலஸின் ஷேக் குயாட்டேயும் நோன்பாளிகள். ஆட்டத்தின் நடுவே சூரியன் மறையும் என்பதை அறிந்து இரு அணித் தலைவர்களும் முன்பே பேசிவைத்தனர். அரை மணி நேரம் கடந்ததும் பாலஸின் கோல்காப்பாளர் பந்தை உதைக்காமல் சற்றுக் காத்திருந்தார். இருவரும் நோன்பு திறந்தனர். எந்த விதியும் மீறப்படவில்லை. எவருக்கும் நட்டமில்லை. முன்பே பேசியிருக்காவிட்டால் அந்த ஒரு நிமிடமும் கிடைத்திருக்காது.

"என் மகன் ஹூலி அல்லவே!"

இந்த இடத்தில் பெற்றோர் ஒருவர் குறுக்கிடுவார் என்பது நமக்குத் தெரியும். "அவர் ஆஸ்திரேலிய வீரர். அவருக்குப் பத்திரிகை உண்டு, வீரர் சங்கம் உண்டு, கைநிறையச் சம்பளம் உண்டு. என் மகன் ஒப்பந்தக்காரர் வழியே சேர்ந்தவன். நாளை வராதே என்றால் அவ்வளவுதான்."

இது நியாயமான மறுப்பு. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ஹூலியைக் காட்டிப் பிள்ளையைக் கடிந்துகொள்வது அநீதி. உற்பத்தி வரிசை நின்றால் பின்னால் இருக்கும் நூறு பேரின் வேலை நிற்கும். "அல்லாஹ்வுக்காகக் கேள்" என்று பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு நாம் வீட்டில் அமர்ந்திருக்கக் கூடாது. எனவே பிள்ளைக்கு ஒரு பங்கு, குடும்பத்துக்கு ஒரு பங்கு, ஜமாஅத்துக்கு ஒரு பங்கு என்று இதைப் பிரித்துப் பார்க்கிறோம்.

பிள்ளையின் பங்கு, வேலையில் குறை வைக்காமல் இருப்பது. இதற்கும் ஹூலியின் வாழ்வில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 2017இல் எதிரணி வீரர் ஒருவரை அடித்ததாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய நற்பண்பைச் சான்றளித்தோருள் அந்நாட்டின் பிரதமரே இருந்தார். தீர்ப்பாயம் இரண்டு ஆட்டங்கள் தடை விதித்தது. அது போதாதென்று லீக் மேல்முறையீடு செய்ய, தடை நான்கு ஆட்டங்களாக உயர்ந்தது. நல்ல முஸ்லிம் என்ற பெயர் தண்டனையைக் குறைக்கும் சீட்டு அன்று. நம் பிள்ளை தொழுகையின் பெயரால் இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், அவன் தன் தொழுகைக்கு மட்டுமன்றி அடுத்து வரப்போகும் முஸ்லிம் பிள்ளையின் தொழுகைக்கும் கதவை அடைக்கிறான்.

கேட்கும் முறையும் முக்கியம். வேலைக்குச் சேரும் வாரத்திலேயே, கூட்டத்தில் அன்றித் தனியே, மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்லலாம்: "சார், மதிய இடைவேளையில் தொழுவதற்கு ஏழு நிமிடமும் ஓர் ஓரமும் போதும். மணி அடிக்கும் முன் என் இடத்தில் நிற்பேன்." இவ்வளவே. வாகனங்கள் ஓடும் பாதையிலோ இயந்திரத்தின் அருகிலோ தொழ நிற்கக் கூடாது; அது பாதுகாப்பு விதிக்கும் மார்க்கத்துக்கும் ஒவ்வாதது. உடை மாற்றும் அறை, பயிற்சிக் கூடம், உணவுக்கூடத்தின் ஒரு மூலை ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

கடிகாரத்தைப் பார்ப்போம்

"ஷிஃப்ட்டில் தொழவே முடியாது" என்று சொல்வோரில் பலர் தொழுகை நேரங்களை ஷிஃப்ட் அட்டவணையின் அருகில் வைத்துப் பார்த்ததில்லை. ஆலைக்கு ஆலை நேரம் மாறும். இருப்பினும் காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்கிப் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு முடியும் முதல் ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் நண்பகல் 12 மணியை ஒட்டித் தொடங்குகிறது. அஸர் நேரம் ஷாஃபிஈ மத்ஹபின்படி மூன்று மணிக்குப் பிறகே நுழைகிறது. ஹனஃபி மத்ஹபின்படி அதற்கும் பின்னர். ஆகவே இடைவேளையில் இடம் கிடைக்காத நாளில்கூட, ஷிஃப்ட் முடிந்ததும் லுஹரை அதன் நேரத்துக்குள்ளேயே தொழுதுவிட முடியும். களாவுக்கு இடமில்லை.

முதல் ஷிஃப்ட்டில் உண்மையான சிக்கல் ஃபஜ்ரில்தான். ஜூன் மாதத்தில் ஃபஜ்ரு நேரம் நாலரைக்கு முன்பே நுழைந்துவிடும். வீட்டில் தொழுதுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறலாம். ஜனவரியில் நேரம் நுழையவே ஐந்தேகாலுக்கு மேலாகிவிடும். ஐந்து மணிக்கே பஸ் ஏறும் பிள்ளை உளூவோடு புறப்பட்டு, ஆலை வாசலில் இறங்கியதும் வருகைப் பதிவுக்கு முன் இரண்டு ரக்அத்தை நிறைவேற்ற வேண்டும். சூரியன் உதிக்க ஆறரை ஆகும் என்பதால் நேரம் இருக்கிறது. இதைப் பிள்ளைக்கு யாராவது ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும்.

இரண்டாம் ஷிஃப்ட்டில் நெருக்கடி மஃரிபில். சூரியன் மறைந்தபின் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே உண்டு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த நெறி. அந்த ஓய்வோ தேநீர் இடைவேளையோ மஃரிப் நேரத்துக்குள் விழும்படி கேட்டுப் பெறுவதே இங்கு வேண்டியது. ஓய்வு நேரம் குழுவுக்குக் குழு மாறும் ஆலைகளில் உடன் வேலை செய்யும் சகோதரரோடு நேரத்தை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. மூன்று ரக்அத் ஃபர்ளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

வேலையைக் காரணமாக்கி உள்ளூரில் இருப்பவர் லுஹரையும் அஸரையும் வழக்கமாகச் சேர்த்துத் தொழும் அனுமதி நம் பகுதியில் பின்பற்றப்படும் இரு மத்ஹபுகளிலும் இல்லை. எனவே அந்தக் குறுக்கு வழியைப் பிள்ளைக்குக் கற்பிக்காதீர்கள். மார்க்கம் தந்த எளிமைகள் வேறு உள்ளன. உளூவோடு உள்ளே சென்றால், முறியாதவரை அது நிலைக்கும். பாதுகாப்புக் காலணியைக் கழற்றிக் கால் கழுவச் சிரமப்படுவோர், கரண்டையை மூடும் தோல் காலுறையை உளூவோடு அணிந்து, உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் என்ற எல்லைக்குள் அதன்மீது மஸஹ் செய்யலாம். நிபந்தனைகளை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டறியுங்கள். நெருக்கடியில் சுன்னத்தை விட்டு ஃபர்ளை மட்டும் தொழலாம். இவற்றை மதரஸாவின் மேல் வகுப்புப் பாடத்தில் 'வேலைக்குச் செல்வோரின் ஃபிக்ஹு' என்று தனியே கற்பிக்க வேண்டும் என்பது ஆசிரியர் என்ற முறையில் நம் வேண்டுகோள்.

ஜும்ஆ: ஜமாஅத்தின் பங்கு

எல்லாத் தொழுகைக்கும் வழி சொன்னோம். முதல் ஷிஃப்ட்டில் இருக்கும் ஆண்பிள்ளைக்கு ஜும்ஆ மட்டும் எளிதில் தீராது. தொழிற்பேட்டை வாசலிலிருந்து பள்ளிவாசல் பல கிலோமீட்டர். அரை மணி இடைவேளையில் உண்ணவும் வேண்டும். வெள்ளிதோறும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள எல்லா ஆலையும் ஒப்புக்கொள்ளாது. பிள்ளை எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் மேற்பார்வையாளரால் தர இயலாத ஒன்று இது. இங்கே மாற வேண்டியது ஆலையின் கடிகாரமன்று, நம் கடிகாரம்.

நம் முன்மொழிவு இதுதான். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்கள் கலந்து பேசி, தொழிற்சாலைகளுக்கு நெருங்கிய ஓரிரு பள்ளிகளிலேனும் ஜும்ஆவைப் பிற்பகல் 2.45க்கு வைக்க வேண்டும். ஆண்டின் எந்த மாதத்திலும் அந்நேரத்தில் லுஹர் நேரம் முடிந்திருக்காது. பயானை விட்டுவிட்டு, குத்பாவைச் சுருக்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடலாம். இரண்டு மணியை ஒட்டி ஷிஃப்ட் முடியும் பிள்ளைகள் வந்து சேர முடியும். இரண்டரைக்கு முடிவோருக்குச் சற்று இறுக்கமே. இருசக்கர வாகனம் உள்ளோர் மற்றவரை ஏற்றி வர வேண்டும். ஓர் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜும்ஆ பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் உள்ள கட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. தேவை இருக்கும்போது அறிஞர்கள் அளித்துள்ள இடத்தையும் அறிவோம். ஆகவே இதை ஆலிம்கள் அமர்ந்து முடிவு செய்யட்டும். ஆனால் அமர்வதையாவது தள்ளிப்போட வேண்டாம்.

இதற்கு மறுப்பும் உண்டு. "முதியவர்களும் கடைக்காரர்களும் காலங்காலமாக ஒன்றரைக்குத் தொழுது பழகியவர்கள்" என்பர். அவர்களுக்கு ஊரில் வேறு பள்ளிகள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. ஜும்ஆவின்போது வியாபாரத்தை விட்டு வாருங்கள் என்று அழைக்கும் அதே குர்ஆன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது. தேடச் சென்ற பிள்ளைகளையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளும் நேரம் எதுவோ, அதுவே அந்தப் பகுதிக்கு நல்ல நேரம்.

ஜமாஅத் செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஓர் ஆலையில் பத்து முஸ்லிம் பிள்ளைகள் வேலை செய்தால், பத்துப் பேரும் தனித்தனியே கேட்பதைவிட, ஜமாஅத்தின் கடிதத்தாளில் மனிதவளத் துறைக்குக் கண்ணியமான கடிதம் ஒன்று செல்லட்டும். கோரிக்கை சிறிதாக இருக்கட்டும்: இடைவேளையில் பயன்படுத்தத் தூய்மையான ஒரு மூலை, ரமழானில் இரண்டாம் ஷிஃப்ட்டின் இடைவேளை சூரியன் மறையும் நேரத்தில். கூடுதல் நேரம் கேட்கவில்லை, கொடுத்த நேரத்தை இடம் மாற்றித் தரக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கிடைத்தால் நன்றிக் கடிதமும் அனுப்புங்கள். பெரும்பாலான ஆலைகளில் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்குப் பொட்டிடுவதை நாம் பார்க்கிறோம். வழிபாடு என்பது இந்நாட்டுத் தொழிலிடத்துக்கு அந்நியமானதன்று. நம் சகோதர சமூகத்தாரிடம் நம் தேவையைச் சொன்னால் அவர்களில் பலர் புரிந்துகொள்வர்.

பெண்பிள்ளைகளுக்காகவும் ஒரு சொல். விடுதியில் தங்கி வேலை செய்யும் மகளுக்கு ஜும்ஆ கடமையில்லை. ஐவேளைத் தொழுகை கடமை. அறையில் ஆறு பேர் இருக்கும்போது தொழ இடம் கேட்பது அவளுக்கு இன்னும் கடினம். அவளிடம் வாரந்தோறும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "தொழ இடம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். "தொழுதாயா?" என்று கேட்டால் அவளுக்கு அது விசாரணையாகத் தோன்றும். "இடம் இருக்கிறதா?" என்றால், நீங்கள் அவள் பக்கம் நிற்பது அவளுக்குத் தெரியும்.

குடும்பத்தின் பங்கு

மகனுக்கு வேலை கிடைத்தால் உறவினருக்கு இனிப்பு கொடுக்கிறோம். சட்டை, காலணி, இருசக்கர வாகனம் எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம். பயண முஸல்லா ஒன்றையும், அந்த மாதத்துத் தொழுகை நேர அட்டவணையையும், அதன் அருகே அவனுடைய ஷிஃப்ட் அட்டவணையையும் வைத்து, அத்தா ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து பேசினால் என்ன? எந்தத் தொழுகையை எங்கே தொழுவது, யாரிடம் என்ன சொல்வது என்று முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடலாம். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் பேசுங்கள். "மறுத்தால் அன்றே வேலையை விட்டு வா" என்று முழங்கவும் வேண்டாம். "மறுத்தால் விட்டுவிடு, போகட்டும்" என்று தளரவும் வேண்டாம். ஷிஃப்ட் மாற்றம், பிரிவு மாற்றம், பிறகு வேறு ஆலை என்று ஒவ்வொன்றாக முயலலாம். நான்கு ஆண்டுகள் ஓரணியில் காத்திருந்து, பிறகு தனக்கு இடம் தரும் அணியைத் தேடிச் சென்றவர்தான் ஹூலியும். வேலையிடத்தை மாற்றிக்கொண்டார்; தொழுகையை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் அளவுக்கு நம் பிள்ளைகளுக்குப் புகழ் வராமல் போகலாம். அதனால் குறையில்லை. ஒரகடத்து ஆலை ஒன்றின் உடை மாற்றும் அறையில் ஒருவர் ஏழு நிமிடம் தொழுதுவிட்டு மணி அடிக்கும் முன் தன் இடத்துக்குத் திரும்பினால், அடுத்த ஆண்டு அங்கே சேரும் பிள்ளைக்கு இடம் கேட்பது எளிதாகிவிடும்.

நம் பிள்ளைகளின் உழைப்பை ஹலாலாக்கி, அவர்களுடைய தொழுகையை நேரத்தோடு நிலைநிறுத்தி, அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.